அப்பா படத்துக்கு ஒரு சட்டம்

எழுபத்தாறு வயதில் மரம் செதுக்கக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். பக்கத்தில் அதே பாடத்துக்கு உட்கார்ந்தவர் என் அண்ணன். அவருக்கு 81. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பார்கள். எழுபதையும் எண்பதையும் பற்றிப் பழமொழி எதுவும் சொல்லாததால் தைரியமாக இறங்கிவிட்டோம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வரிசை தவறினால் எழுத ஓடாது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இரண்டு வரி. நான் புதுச்சேரிக்காரன். படித்தது பிரெஞ்சு வழியில், 'பிரெவே' வரைக்கும். தமிழை அம்மா வாங்கும் குமுதத்திலும் கல்கண்டிலும் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். 37 வருஷம் அரசு எழுத்தர் வேலை. பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளில் இருக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் படித்து நகல் எடுத்துக் கொடுப்பது அதில் பெரும்பங்கு. மனைவி போன பிறகு ஏற்காட்டில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். சேர்வராயன் கோயிலுக்குப் போகும் ரோட்டில் வீடு. சுற்றிலும் காப்பித் தோட்டம், நடுநடுவே நிழலுக்கு வைத்த சில்வர் ஓக், அதைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடி.

அண்ணன் கதை கொஞ்சம் நீளம். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அண்ணனுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அண்ணன் கொடுத்தார். மறுவருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறினார். எங்கள் ஊரில் இவர்களைச் 'சொல்தா' என்போம். தெருவுக்கு இரண்டு சொல்தா வீடு இருந்த காலம் அது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் இந்தியர் என்று ஆவது புதுச்சேரியில் அதிசயமில்லை.

அப்பாவும் அண்ணனும் அதற்குப் பிறகு சண்டை போட்டதாக எனக்கு ஞாபகமில்லை. கடிதம் வரும், பணம் வரும். அப்பா கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைப்பார். அவ்வளவுதான்.

1971இல் அப்பா காலமானார். அண்ணன் அப்போது ஜிபூத்தியில் இருந்தார். அந்த ஊர் 1977 வரை பிரெஞ்சுக்காரர்களிடம்தான் இருந்தது. தந்தி பிரான்சுக்குப் போய், அங்கிருந்து அவர் இருக்கும் இடம் தேடிப் போய்ச் சேர்ந்தபோது இங்கே பதினோரு நாள் ஆகிவிட்டது. கருமாதிக்கும் வர முடியவில்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியது மூத்த மகன். வைத்தவன் நான், இருபத்திரண்டு வயதில். இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்த அண்ணன் அப்பா படத்துக்கு முன்னால் நின்றார், விபூதி பூசிக்கொண்டார், சாப்பிட உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பேச்சே எங்களுக்குள் வந்ததில்லை.

அண்ணி போன வருஷம் பாரிசுக்கு வடக்கே சார்செல்லில் இறந்துபோனார். இந்த ஜனவரியில் அண்ணன் ஒரு பெட்டியோடு ஏற்காட்டுக்கு வந்து இறங்கினார், ஐந்து மாதம் இருப்பதாக.

முதல் பத்து நாள் பேச்சுக்குக் குறைவில்லை. பதினோராம் நாளிலிருந்து இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் காரில் சேர்வராயன் கோயிலுக்குப் போவோம். படித்தவர்கள் அறிவார்கள்: உச்சி என்றாலும் கூம்பாக இருக்காது, செம்பாறையும் புல்லுமாக மைதானம் போலப் பரந்திருக்கும். கோயில் ஒரு குகைதான். உள்ளே தாழ்வு, இருட்டு. சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். அந்தக் குகை காவேரி ஆறு வரைக்கும் போகிறது என்று மலைக்காரர்கள் சொல்வார்கள். எப்பேர்ப்பட்டவரும் குனிந்துதான் போக வேண்டும். காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வருவோம். மறுபடி திண்ணை.

அந்தச் சமயத்தில் பக்கத்துத் தங்கும் விடுதிக்கு வாசல் கதவு செய்ய ஓர் இளைஞர் வந்தார். தம்மம்பட்டிக்காரர், முப்பது வயதுக்குள். நிலைக்கு மேலே வைக்கும் கஜலட்சுமியை விடுதித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தார். சேலம் மாவட்டத்தவர்களுக்குத் தம்மம்பட்டியைச் சொல்ல வேண்டியதில்லை. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவில், சுவேத நதிக்கரை ஊர். சாமி சிலை, வாகனம், கதவு, தூண் என்று மரத்தில் செய்து வெளியூருக்கு அனுப்புவதே அங்கே பல குடும்பங்களுக்குச் சோறு. அங்கிருந்து அதிக தூரமில்லை அரும்பாவூர், பெரம்பலூர் மாவட்டம். அந்த ஊர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அண்ணன் தினமும் போய் அந்தத் தம்பி வேலை செய்வதைப் பார்க்க ஆரம்பித்தார். துணைக்கு நான். நான்காம் நாள் அந்தத் தம்பியே, "ஐயா, சும்மா நிக்கறதுக்கு இதைப் பிடிங்க" என்று ஆளுக்கு ஓர் உளியும் ஒரு துண்டுக் கட்டையும் கொடுத்தார்.

அண்ணனுக்குப் பிள்ளையார் செய்ய ஆசை. அந்தத் தம்பி சிரித்துவிட்டு, பிள்ளையாருக்குப் பஞ்ச தாளக் கணக்கு இருக்கிறது என்றார். தாளம் என்றால் ஒரு முக அளவு. எந்தச் சாமிக்கு எத்தனை முக உயரம் என்று சிற்ப சாஸ்திரத்தில் விதி உண்டு, பிள்ளையாருக்கு ஐந்து. "அதெல்லாம் கை பழகினப்புறம். முதல்ல ஓர் இலை செய்ங்க." பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகும் என்பதை இவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மரத்தைப் பற்றி முதல் பாடம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெட்டிப் போட்ட சில்வர் ஓக் நிறைய இருந்தது. அதைக் காட்டினேன். பெட்டி அடிக்க ஆகும், செதுக்கினால் பெயர்ந்து வரும் என்று ஒதுக்கிவிட்டார். அவர்கள் எடுப்பது வாகை, மாவிலங்கம் போன்றவை. தேருக்கு இலுப்பை என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்களுக்கு ஒரு வாகைப் பலகையை அறுத்துக் கொடுத்தார். நடுவில் கரும்பழுப்பாக வைரம், ஓரத்தில் வெளுப்பு. பச்சை மரம் உதவாது, காயும்போது வெடிக்கும். காய வைக்கும்போது இரண்டு முனையிலும் பெயிண்ட் பூசி வைத்தால் வெடிப்பு குறையும், ஏனென்றால் ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறுகிறது.

இரண்டாவது பாடம் உளி. தட்டையானது இரண்டு, வாய் வளைந்தது இரண்டு, கூர்முனை ஒன்று, தட்டுவதற்கு ஒரு கொட்டாப்புளி. இவ்வளவு போதும். மழுங்கின உளிதான் கையைக் கிழிக்கும், கூரான உளி கிழிக்காது என்றார். நம்ப முடியவில்லை அல்லவா? மழுங்கினால் நாம் அதிகமாக அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும். அதனால் முதல் ஒரு வாரம் நாங்கள் மரத்தைத் தொட்டதைவிடச் சாணைக்கல்லைத் தொட்டதுதான் அதிகம். தீட்டின உளி காகிதத்தை ஓசையில்லாமல் அறுக்க வேண்டும். பட்டாளத்துக்காரர் அல்லவா, தீட்டுவதில் அண்ணன் என்னை மிஞ்சினார்.

மூன்றாவது பாடம்தான் பெரிய பாடம். மரத்துக்கு நார் ஓடும் திசை உண்டு. அந்தத் திசையோடு போனால் உளி வெண்ணெயில் போவது மாதிரி போகும், சீவல் சுருண்டு வரும். எதிர்த்துப் போனால் நாருக்கு அடியில் நுழைந்து ஒரு சில்லையே பெயர்த்துவிடும். பிரெஞ்சில் இந்த நாரை 'ஃபில்' என்பார்கள், நூல் என்று அர்த்தம். அண்ணன்தான் ஞாபகப்படுத்தினார். கணு இருக்கும் இடத்தில் நூல் சுற்றிக்கொண்டு போகும். ஓர் இலையின் ஒரு பக்க விளிம்பை மேலிருந்து கீழே செதுக்கினால், மறுபக்க விளிம்பைக் கீழிருந்து மேலே செதுக்க வேண்டியிருக்கும். பலத்தால் முடியாது. கட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும்.

வேலை முறை இதுதான். காகிதத்தில் படம் வரைந்து, கார்பன் தாள் வைத்துப் பலகையில் ஏற்றுவது. கோட்டின் மேல் உளியை நிமிர்த்தி வைத்துத் தட்டி வெட்டுவது. பிறகு கோட்டுக்கு வெளியே உள்ள மரத்தைச் சாய்த்து எடுப்பது. நிமிர்த்தி வெட்டின இடம் வந்ததும் சீவல் தானாக நின்றுவிடும். அடித்தளம் இறங்க இறங்க இலை மேலே எழுந்து வருவதுபோல் தெரியும். கடைசியில் உப்புத்தாள். உப்புத்தாளை அவர் எங்களுக்கு ஒரு மாதம் தரவே இல்லை. தந்தால் உளி வேலையைச் சோம்பேறித்தனமாக விட்டுவிடுவோமாம்.

மகள் முதலில் பயந்தாள். "ரெண்டு பேருக்கும் சேர்த்து வயசு 157. கையை வெட்டிக்கிட்டா நான் இருபது வளைவு இறங்கி சேலம் ஓடணும்பா." மறுநாளே அவளே வெட்டுப்படாத கையுறையும், கட்டையை மேஜையோடு இறுக்கும் கிளாம்ப்பும் வாங்கி வந்தாள். கட்டையை இறுக்கிவிட்டால் இரண்டு கையும் உளியின் மேல் இருக்கும். வெட்டுப்படுவது கட்டையைப் பிடித்திருக்கும் கைதான். ஐந்து மாதத்தில் எங்களுக்கு மருத்துவச் செலவு ஒரு பிளாஸ்திரி டப்பா.

கதவு வேலை முடிந்து அந்தத் தம்பி ஊர் திரும்பிவிட்டார். போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: "இலை வந்துடுச்சு. இனிமே ஏதாவது ஒரு பொருளா செய்ங்க, கை நிக்காது." என்ன பொருள் என்று இரண்டு நாள் யோசித்தோம். கூடத்தில் அப்பா படம் மாட்டியிருக்கிறது. சட்டம் கரையான் அரித்து, ஒரு மூலை நூலால் கட்டியிருந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கு ஒண்ணு செய்யலாமாடா?" என்றார்.

நாலு சட்டம். நெடுக இரண்டு, குறுக்கே இரண்டு. கொடியும் இலையும், வேறு எதுவும் தெரியாதே! நெடுக்கில் ஒன்று குறுக்கில் ஒன்று என்று ஆளுக்கு இரண்டு பங்கு பிரித்துக்கொண்டோம். காலை ஒன்பது மணிக்குத் திண்ணையில் இரண்டு ஸ்டூல், நடுவில் நீள மேஜை. பதினொன்றுக்குக் காப்பி. பன்னிரண்டரைக்கு முடித்துக்கொள்வோம்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள். இரண்டு பேரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தோம். அண்ணன் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அப்பாவுக்கு நீதானே கொள்ளி வச்சே?"

"ஆமாண்ணே."

"முகம் எப்படிடா இருந்துச்சு?"

நான் உளியை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. "தூங்கற மாதிரிதாண்ணே. முந்தின நாள்தான் சவரம் பண்ணிக்கிட்டார். மீசை ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு இருந்துச்சு, காயறதுக்குள்ள போயிட்டார்."

"மீசையை எடுத்துடலையே?"

"இல்லண்ணே. அம்மா எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க."

கொஞ்ச நேரம் உளிச் சத்தம் மட்டும். பிறகு அவர் சொன்னார். தந்தி கைக்கு வந்த அன்று ராத்திரி முகாம் குழாயடியில் உட்கார்ந்து தானே சவரக் கத்தியால் தலையை மொட்டை அடித்துக்கொண்டாராம். காலையில் எல்லோரும் கேட்டார்கள். வெயில் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டார். பதினாறாம் நாளைக் கணக்குப் பண்ணி வைத்துக்கொண்டு, அன்றைக்குக் கடலோரம் போய் எள்ளும் தண்ணியும் விடப் பார்த்தார். எள் கிடைக்கவில்லை. சமையற்கட்டிலிருந்து ஒரு பிடி அரிசி வாங்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாராம்.

"அண்ணிகிட்ட சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லலை. மூத்தவன் செய்ய வேண்டியதைச் செய்யலைன்னு ஊர்ல பேசியிருப்பாங்க."

"யாரும் பேசலைண்ணே. அம்மா ஒரு நாள் கூடச் சொன்னதில்லை."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு இலையின் நரம்பை முடித்தார். பதினொன்று ஆயிற்று, காப்பி வந்தது.

ஐம்பத்து நாலு வருஷமாக வராத பேச்சு அன்றைக்கு ஏன் வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் வந்திருக்காது. தொலைபேசியில் நிச்சயம் வந்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேர் கண்ணும் கையும் ஒரு வேலையில் இருந்தால், வாய்க்கு ஒரு சுதந்திரம் கிடைக்கிறது. இன்னொன்றும் உண்டு. எங்கள் வாழ்க்கை முழுவதும் அவர் அண்ணன், நான் தம்பி. அவர் பணம் அனுப்பியவர், நான் வாங்கியவன். அவர் இல்லாதபோது நான் அவர் இடத்தில் நின்றவன். இந்தக் கணக்கெல்லாம் எப்போதும் நடுவில் இருந்தது. வாகைப் பலகைக்கு முன்னால் இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள். ஒரே நாளில் பள்ளியில் சேர்ந்த பையன்கள். என் இலை பெயர்ந்தால் அவர் சிரிப்பார், அவர் இலை பெயர்ந்தால் நான் சிரிப்பேன். தெரிந்த ஒரு வேலையை அவர் எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தாலும், நான் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தாலும் இது நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் நாலு சட்டத்தையும் துணியில் சுற்றிக்கொண்டு, மாப்பிள்ளை காரோட்ட, மலை இறங்கினோம். வாழப்பாடி, ஆத்தூர் தாண்டித் தம்மம்பட்டி. அந்தத் தம்பியின் பட்டறையில் அவருடைய அப்பாவும் இருந்தார். ஒரு யாளிக்குக் கண் திறந்துகொண்டிருந்தவர் எழுந்து வந்து எங்கள் சட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். நாலையும் தரையில் பரப்பிவிட்டு, "இது ரெண்டும் ஒரு கை, இது ரெண்டும் ஒரு கை" என்று பிரித்து வைத்தார். சரியாகப் பிரித்தார். என் இலைகள் எல்லாம் ஒரே அளவு, பதிவேட்டுக் கட்டம் மாதிரி. அண்ணன் இலைகள் ஒன்று பெரிசு ஒன்று சிறிசு, ஆனால் ஆழமாக வெட்டியது.

மூலைகளைச் சாய்த்து அறுத்து அவர்களே இணைத்துக் கொடுத்தார்கள். மூன்று மூலையில் கொடி ஒழுங்காகச் சேர்ந்தது. ஒன்றில் மட்டும் என் கொடியும் அவர் கொடியும் ஒரு விரற்கடை விலகி நிற்கிறது. சரிசெய்து தரட்டுமா என்று கேட்டார்கள். அண்ணன் வேண்டாம் என்றார். கூலி வாங்க மறுத்தார்கள்; ஒரு நல்ல சாணைக்கல்லை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தோம்.

மே மாதம் சேர்வராயன் திருவிழாவுக்கு மலைக்காரர்கள் கிராமம் கிராமமாக வந்து சேர்ந்தபோது அண்ணனும் இருந்தார். கூட்டத்தில் குனிந்து குகைக்குள் போய்விட்டு வந்து, முதுகு பிடித்துக்கொண்டது என்று இரண்டு நாள் உளியைத் தொடவில்லை. ஜூனில் பாரிசுக்கு விமானம் ஏறினார். உளிகளைக் கைப்பெட்டியில் வைக்க விடமாட்டார்கள் என்று பெரிய பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்தோம்.

எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறேன் என்று சான்றிதழ் கொடுக்கும் கடமை உண்டு. கொடுப்பது நவம்பர் மாதம். இந்த வருஷம் என் கட்டைவிரல் ரேகையை இயந்திரம் மூன்று தடவை ஏற்கவில்லை. உளி பிடித்த தேய்மானம் என்று மகள் சொல்கிறாள், வயசு என்று நான் சொல்கிறேன். கடைசியில் போனில் முகத்தைக் காட்டி வேலை முடிந்தது. அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார்.

என் வயதுக்காரர்கள் யாராவது ஆரம்பிப்பதாக இருந்தால் சில குறிப்புகள். தனியாக ஆரம்பிக்காதீர்கள், மனைவியோ தம்பியோ சம்பந்தியோ, உங்களைப் போலவே ஒன்றும் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாகைத்தூள் தும்மல் வரவழைக்கும், உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் அவசியம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும், அப்போதுதான் மேடு பள்ளம் தெரியும். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளையார் பிறகு வருவார், முதலில் இலை.

அண்ணன் இப்போது பிள்ளையாரில் இறங்கியிருக்கிறார். பாரிசில் லா ஷாப்பெல் பக்கம் தேங்காய் வாங்கப் போனவர் அங்கே ஒரு கடையில் பார்த்த மரப் பிள்ளையாரைப் படமெடுத்து, அளவு குறித்து அனுப்பியிருந்தார். தும்பிக்கை எந்தப் பக்கம் என்று நேற்று ராத்திரி போனில் அரைமணி நேரம் வாக்குவாதம். ஜனவரியில் வருகிறார். இரண்டு கட்டை சொல்லி வைத்திருக்கிறேன், இரண்டும் வாகை, நன்றாகக் காய்ந்தது.